படைவீரரா, கூலியாளரா? மாசசூசெட்ஸ் 54ஆம் படையணியின் சம்பள மறுப்பு

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-1865) பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'தொண்டர் படையணி' என்னும் தொடரைக் காண்கிறோம். தொண்டு என்றதும் ஊதியம் கருதாப் பணியே நம் நினைவுக்கு வருதலின், இத்தொடர் நம்மைச் சற்று வழிமாற்றிவிடும். கட்டாயமின்றித் தம் விருப்பத்தால் படையில் சேர்ந்தோரையே அது குறித்தது. அவர்களுக்குச் சம்பளம் உண்டு. சாதாரணக் காலாள் வீரருக்கு மாதம் 13 டாலர். நாம் காணவிருக்கும் வழக்கு இவ்வெண்ணைப் பற்றியது.

1863இன் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ, கறுப்பினத்தவரைக் கொண்ட 54ஆம் காலாட்படையணியைத் திரட்டினார். பிரடெரிக் டக்ளசின் மைந்தர் இருவர் அதில் சேர்ந்தனர். வெள்ளையரான ராபர்ட் கோல்ட் ஷா அதன் கர்னல். ஏனைய வீரர்க்குரிய சம்பளமே இவர்க்கும் என்பது வாக்குறுதி. கொடுக்க முன்வந்ததோ 10 டாலர். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். 1862ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அகழி வெட்டவும் பாசறை வேலை செய்யவும் அமர்த்தப்படும் கறுப்பினத்தவர்க்கு அவ்வளவே வகுத்திருந்தது. அச்சட்டத்தின் கண்ணில் இவர்கள் வீரரல்லர்.

அவ்வாண்டு ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டையைத் தாக்கிய ஏறத்தாழ 600 பேரில், மடிந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் சுமார் 270 பேர். ஷாவும் மடிந்தார். இத்தாக்குதலைப் பலரும் அறிவர், திரைப்படமும் வந்தது. அதனினும் அரிய செயலாக நாம் கருதுவது அவர்களின் சம்பள மறுப்பு. குறைத்த சம்பளத்தை அவர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தொடவில்லை. எஞ்சிய தொகையைத் தன் கருவூலத்திலிருந்து ஈடுசெய்ய மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோது, அதையும் மறுத்தனர். பணம் நிறைந்தாலும் பெயர் மாறாதன்றோ! வீட்டில் மனைவி மக்கள் வறுமையில் வாடினர் என்பதையும் மறத்தலாகாது. வேறொரு படையணியில் இதே குறைக்காக ஆயுதங்களைக் கீழே வைக்கச் செய்த சார்ஜன்ட் வில்லியம் வாக்கர், 1864 பிப்ரவரியில் கலகக் குற்றத்திற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங், 1863 செப்டம்பர் 28 அன்று அதிபர் லிங்கனுக்கே மடல் எழுதினார். நாங்கள் படைவீரரா, கூலியாளரா என்பதே அதன் சாரம்.

1864 ஜூனில் நாடாளுமன்றம் இணங்கியது. ஆயினும் 1861 ஏப்ரல் 19 அன்று அடிமையாக இராதவர்க்கே முழு நிலுவை என்றது. படையணியிலோ அந்நாளில் அடிமையாய் இருந்தோரும் உளர். ஷாவுக்குப் பின் தலைமையேற்ற எட்வர்ட் ஹாலோவெல், குவேக்கர் குடும்பத்தவர், ஓர் உறுதிமொழி வகுத்தார்: அந்நாளிலோ அதற்கு முன்போ தம்மிடம் ஊதியமின்றி உழைப்புக் கேட்கும் உரிமை எவருக்கும் இருந்ததில்லை. சட்டத்தால் அடிமையாயிருந்தவரும் பொய்யுரைக்காமல் இதனைச் சொல்லலாம். சட்டத்தின் சொல்லை மீறாமலே அதன் பொருளை விரித்த இவ்வாக்கியத்தைச் சொற்பொருளியல் பயிலும் மாணவர் ஊன்றி நோக்க வேண்டும்.

அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் நிலுவை வந்தது. கூடிங் அதைப் பெறவில்லை. பிப்ரவரியில் புளோரிடாவின் ஒலஸ்டீ போரில் சிறைப்பட்ட அவர், ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்திருந்தார்.