தில்லியில் ஓடிய நூறு மீட்டர்

ஆரணியில் பட்டுத் தறிகளின் ஓசைக்கிடையே வளர்ந்தவன் நான். பாவின் குறுக்கே நாடா பாயக் காணுந்தோறும் எனக்கு ஓட்டப்பந்தயமே நினைவுக்கு வரும். நாடா திரும்பி வரும். நூறு மீட்டர் ஓடுபவனுக்கோ ஒரே பாய்ச்சல்தான்.

அத்தகைய பாய்ச்சல் ஒன்றைச் சொல்கிறேன். 1951 மார்ச்சில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தில்லியில் நடைபெற்றன. பதினொரு நாடுகள் கலந்துகொண்டன. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஜப்பானும் அவற்றுள் ஒன்று. பதக்கங்களில் முதலிடமும் அதற்கே. ஆனால் ஆடவர் நூறு மீட்டர் ஓட்டத்தில் வென்றவர் நம்மவர். பம்பாய் இளைஞர் லேவி பின்டோ 10.8 வினாடியில் ஓடி முடித்தார். இருநூறு மீட்டரிலும் பொற்பதக்கம் அவரையே அடைந்தது.

10.8 பெரிய வேகமா என்று நீங்கள் கேட்கலாம். 1936இல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 10.3 வினாடியில் வென்றிருந்தார். இடைவெளி அரை வினாடிதான்; எனினும் அந்த வேகத்தில் அஃது ஏறக்குறைய ஐந்து மீட்டர். இதை மறைக்க எனக்கு மனமில்லை. அறுந்த இழையை மறைத்து நெய்தால் சேலையே காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? பின்டோ அந்த இடைவெளியை அறியாதவர் அல்லர். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உலகத்தாரோடு ஓடினார்.

அவருக்குப் பின், 2023இல் நடந்த ஹாங்சோ போட்டி வரை, ஆசிய நூறு மீட்டரில் வேறெந்த இந்திய ஆடவரும் பொன் பெறவில்லை. 1966இல் பாங்காக்கில் அதை வென்ற மணி ஜெகதீசன் தமிழர்தாம். ஆனால் அவர் ஓடியது மலேசியாவுக்காக.