ஊழியர்களுக்கெல்லாம் ஊழியர்



தலைமை என்பது அதிகாரமா, தொண்டா? இந்தக் கேள்வியோடு நான் எடுத்துக்கொண்டவர் போப்பாண்டவர் முதலாம் கிரிகோரி. பெயரைக் கேட்டதும் வீட்டுச் சுவரில் தொங்கும் கிரிகோரியன் நாட்காட்டி உங்கள் நினைவுக்கு வரலாம். அதை 1582இல் கொண்டு வந்தவர் பதின்மூன்றாம் கிரிகோரி. நாம் பார்க்கப்போகிறவர் அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டவர்.

சுமார் 540இல் ரோம் நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். உலகையே ஆண்ட அந்த நகரம் அப்போது போராலும் பஞ்சத்தாலும் இளைத்துக் கிடந்தது. இளம் வயதிலேயே நகர நிர்வாகத்தின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. அவரோ அதை உதறிவிட்டுத் துறவியானார். சீலியன் குன்றில் இருந்த தம் குடும்ப மாளிகையையே துறவிகள் மடமாக்கினார். சிசிலித் தீவில் இருந்த சொத்துகளைக் கொண்டு மேலும் ஆறு மடங்களை நிறுவினார். ஆனால் திருச்சபை அவரை விடவில்லை. போப்பாண்டவரின் தூதராகச் சில ஆண்டுகள் கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனையில் இருக்க நேர்ந்தது.

589இல் டைபர் ஆறு பெருக்கெடுத்து, தானியக் களஞ்சியங்கள் அழிந்தன. வெள்ளத்தைத் தொடர்ந்து கொள்ளைநோய் வந்தது. 590 பிப்ரவரியில் போப்பாண்டவர் இரண்டாம் பெலாஜியஸ் அதற்கே பலியானார். மக்கள் ஒருமனதாகக் கிரிகோரியைத் தேர்ந்தெடுத்தார்கள். தமக்கு இந்தப் பதவி வேண்டாம் என்று அவர் பேரரசர் மாரிஸுக்கு மடல் எழுதியதாகவும், அந்த மடலை நகர அதிகாரி வழியிலேயே தடுத்துவிட்டதாகவும் அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். 590 செப்டம்பர் 3ஆம் நாள் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்றவர் முதலில் எதைக் கவனித்தார் தெரியுமா? பசித்த வயிற்றைத்தான். திருச்சபைக்குச் சிசிலியில் பரந்த நிலங்கள் இருந்தன. அங்கிருந்து ரோமுக்குத் தானியம் வரச் செய்தார். அதே வேளையில் அந்த நிலத்தில் பாடுபட்ட குடியானவர்களையும் அவர் மறக்கவில்லை. கள்ள அளவை வைத்து அவர்களிடம் கூடுதலாகத் தானியம் அளக்கக் கூடாது, திருமண வரி ஒரு பொற்காசுக்கு மேல் போகக் கூடாது என்று தம் நிர்வாகிக்குக் கண்டிப்பாக எழுதினார். ரோமில் பிச்சைக்காரர் ஒருவர் பட்டினியால் இறந்தபோது, தாமே கொன்றுவிட்டதுபோல் வருந்திச் சில நாட்கள் பூசை செய்யாமல் இருந்தார் என்று ஒன்பதாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார்.

வடக்கிலிருந்து லோம்பார்டியர் படையெடுத்து வந்தார்கள். பேரரசரின் உதவி வந்து சேரவில்லை. கிரிகோரியே பொன் கொடுத்து, பேச்சு நடத்தி நகரைக் காப்பாற்றினார். சமயத் தலைவர் ஆட்சியாளராகவும் மாறியது இப்படித்தான். பிற்கால போப்பாண்டவர்களின் அரசியல் செல்வாக்குக்கு விதை அங்கே விழுந்தது.

கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதல்வர் உலகம் தழுவிய பட்டம் ஒன்றைச் சூட்டிக்கொண்டபோது கிரிகோரி கடுமையாக எதிர்த்தார். தம்மை அவர் 'கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியர்' என்றே குறித்துக்கொண்டார். இன்றும் போப்பாண்டவர்களின் பட்டங்களில் அது ஒன்று.

596இல் அகஸ்டின் என்ற துறவியின் தலைமையில் ஒரு குழுவை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மறு ஆண்டு அவர்கள் கென்ட் நாட்டில் இறங்கினார்கள். கிரிகோரி முதலில் அங்குள்ள பழைய கோயில்களை இடிக்கும்படி அரசர் எத்தல்பர்ட்டுக்கு எழுதினார். சில வாரங்களில் மனம் மாறினார். சிலைகளை மட்டும் அகற்றுங்கள், கட்டடங்களை இடிக்காதீர்கள், மக்களின் விருந்துத் திருநாட்களும் புது வடிவில் தொடரட்டும் என்று 601இல் இன்னொரு மடல் அனுப்பினார். ஒரே நாளில் மலையேற முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்பது அவர் எண்ணம். பிற சமயத்தாரை அப்படியே விட்டுவைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் கட்டாயம் மனத்தை மாற்றாது என்பதை அறிந்திருந்தார். யூதர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுப்பதைக் கண்டித்தார். பலெர்மோ நகரில் ஆயர் ஒருவர் யூதர்களின் தொழுகைக்கூடங்களைக் கைப்பற்றியபோது, இழப்பீடு கொடுக்கும்படி 598இல் ஆணையிட்டார்.

ஆனால், நேயர்களே, வரலாறு என்றால் இரு பக்கமும் சொல்ல வேண்டும். 602இல் போகாஸ் என்ற படைவீரன் பேரரசர் மாரிஸையும் அவருடைய புதல்வர்களையும் கொன்று அரியணை ஏறினான். அந்த மாரிஸ், கிரிகோரியின் நெடுநாள் அறிமுகம். அவருடைய மகன் ஒருவனுக்குக் கிரிகோரியே ஞானத் தந்தை. அப்படியிருந்தும் கொலைகாரனுக்கு வாழ்த்து மடல் எழுதினார். ரோமைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. பதவியை வெறுத்தவரையும் பதவி வளைத்துவிட்டது என்றே சொல்வேன்.

கீல்வாதத்தால் நெடுநாள் படுக்கையில் கிடந்து, 604 மார்ச் 12ஆம் நாள் காலமானார். கிரிகோரியன் இசை அவர் பெயரால் வழங்கினாலும், அது பிற்காலத்தில் உருவானது என்பதே ஆய்வாளர்கள் கருத்து. ஆயர்களுக்காக அவர் எழுதிய 'மேய்ப்புப் பணி விதி' நூலோ அவருடையதேதான். ஒன்பதாம் நூற்றாண்டில் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட் அதைத் தம் மொழிக்குக் கொண்டு வந்தார்.

தொண்டு செய்யவே தலைமை என்று வாழ்ந்தவர் கிரிகோரி. ஆனாலும் அதிகாரத்தின் முன் ஒரு முறை தலை குனிந்தார். அவர் செய்த தொண்டைப் போற்றுவோம். அவர் சறுக்கிய இடத்தையும் நினைவில் வைப்போம்.