சம்ப் மோட்டாரும் தானே புயலும்

பழைய டீசல் ஜெனரேட்டரை விற்றுவிட்டு இன்வெர்ட்டருக்கு மாறலாமா என்ற பேச்சு அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. அதற்கு முன், நம் வட்டாரத்தில் கரண்டும் தண்ணீரும் ஒன்றையொன்று நம்பி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நெய்வேலியிலிருந்து தொடங்க வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கிடைத்தது பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் உருவானது, 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. தொல்லை கொடுத்தது தண்ணீர்தான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் ஊற்று, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது. மேல்மண்ணை அள்ளிவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அதனால் குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டேதான் வெட்டுகிறார்கள். 1962-ல் அங்கே அனல்மின் உற்பத்தியும் தொடங்கியது. நிலக்கரி எடுக்கப் பம்பு ஓட வேண்டும், பம்பு ஓடக் கரண்டு வேண்டும், கரண்டுக்கு நிலக்கரி வேண்டும்! நம் ஊர் பீங்கான் தொழிலுக்கு வந்த வெள்ளைக் களிமண்ணும் அந்தச் சுரங்கத்து மண்தான்.

இப்படி ஒரு மின் நிலையம் பக்கத்திலேயே இருந்தும் 2011 டிசம்பர் 30 அன்று நாம் தப்பவில்லை. அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், மாவட்டம் முழுக்க மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. உற்பத்தி இருந்தும் கொண்டுவரக் கம்பி இல்லை. வெளிமாவட்ட மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அதுவரை ஊர் ஊராக ஜெனரேட்டரைக் கொண்டுபோய்த்தான் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினார்கள்.

இன்வெர்ட்டர் வீட்டுக்கு வீடு பரவியது 2012 மின்வெட்டுக் காலத்தில். அந்த வெட்டு வேறு மாதிரி. சில மணி நேரம் போகும், மறுபடி வரும், பேட்டரியும் சார்ஜ் ஆகிவிடும். புயலுக்குப் பிறகு அப்படி நடக்காது. நாட்கணக்கில் கரண்டு இல்லையென்றால் பேட்டரியை எதைக் கொண்டு சார்ஜ் செய்வது? சோலார் இருந்தால் வேறு கதை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1 ஹெச்பி மோட்டார் என்றால் 746 வாட்தானே என்று கணக்குப் போடுகிறோம். கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் அது வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஃபேனும் லைட்டும் ஓட்டும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அங்கேயே டிரிப் ஆகிவிடும். படிக்கட்டு விளக்குக்கு இன்வெர்ட்டர் வாங்குங்கள், நானே கை தூக்குகிறேன். சம்ப் மோட்டாருக்கு ஜெனரேட்டர் இருக்கட்டும்.

அதை மாதம் ஒரு முறை மோட்டாரோடு சேர்த்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுவதும் அவசியம். அது இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால் நம் கரண்டு தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும்; அங்கே கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் மனிதரின் உயிர் போய்விடும்.