ஒரே அப்பமும் பல பந்திகளும்

இயேசுநாதர் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியிலே அப்பத்தையும் பாத்திரத்தையும் சீஷர்களுக்கு அளித்து, தம்மை நினைவுகூரும்படி அதைச் செய்யுமாறு பணித்த வரலாறு, சுவிசேஷங்கள் எழுதப்படுவதற்கு முன்னரே, ஏறக்குறைய கி.பி. 55ஆம் ஆண்டில் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தில் பதிவாகியிருக்கிறது. அதுவும் நிதானமான உபதேச விளக்கமாக அன்று, கடுமையான கண்டனத்தின் நடுவிலே.

இரண்டு துறைமுகங்களின் வாணிபத்தால் செழித்த அந்நகரிலே சபையார் வசதி படைத்தோர் இல்லங்களில் கூடினர். ரோமர் வீட்டுப் போஜன அறையில் சுமார் ஒன்பது பேரே சாய்ந்திருந்து உண்ண இயலுமாதலால், ஏனையோர் முற்றத்தில் இருந்திருக்க வேண்டும். செல்வர் முந்தி உண்டு வெறித்திருக்க, இல்லாதவர் பசியோடு நின்றனர். இப்படி உண்பது கர்த்தருடைய பந்தியே அன்றென்று பவுல் மறுத்தார். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் அனைவரும் ஒரே சரீரம் என்பது அவர் கொண்ட பொருள். தகுதியின்றிப் புசிப்பதைப் பற்றிய அவருடைய எச்சரிக்கையைத் தனிமனிதனின் அந்தரங்கப் பாவத்துக்கு மாத்திரம் உரியதாகக் கொள்வது போதாதென்றும், ஏழையை வெட்கப்படுத்தியதே அங்கே முதற்குற்றமென்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ ஆசிரியர் விவரிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலே அப்பமும் திராட்சரசமும் உண்டு, வராதவர்களுக்கு உதவிக்காரர் அவற்றைக் கொண்டுபோவதும் உண்டு; கொரிந்தில் இருந்ததுபோன்ற முழு விருந்தைக் காணோம். சடங்கு வேறு, சாப்பாடு வேறு என்றாயிற்று.

இந்தப் பிரிவினையின் விளைவைத் தமிழ்நாடு நன்கு அறியும். 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய சுவிசேஷத் திருப்பணியால் வளர்ந்த சபைகளிலே சாதிக்கேற்ற இருக்கைகளும், திருவிருந்தில் உயர்குலத்தார் முந்திப் பெறும் வழக்கமும் நிலைத்தன. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் இவற்றை அறவே விலக்கக் கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கத்துக்காக வாதாடினார் என்பதை அவர் பாடல்களில் தோய்ந்தவர்கள் வருத்தத்தோடன்றி எண்ண இயலாது.

இருக்கையை மாற்றினாலும் இல்லத்துப் பந்தி மாறாதென்பதைக் கண்ட மிஷனரிமார், 1850இல் கூடிய சென்னை மாநாட்டிலே, எச்சாதியார் சமைத்ததையும் எவரோடும் அமர்ந்து உண்பதையே சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக வைத்தனர். ஜெர்மானிய லுத்தரன் சங்கமாகிய லைப்சிக் மிஷன் மட்டும் அதற்கு இசையவில்லை. வில்சனுடைய கட்டளைக்குப் பின் விலகியிருந்தவர்களில் பலர் அந்த மிஷனைச் சேர்ந்தனர்.