கையேடு எழுதிய கைகள்



திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடத்திற்குச் செல்லும் பெருவழியில் இன்று செல்வோர் இருமருங்கிலும் தொழிற்சாலை மதில்களையே காண்பர். ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த வட்டாரம் இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் கைப்பேசித் தொழிற்சாலை வந்தது, 2014இல் மூடவும் பட்டது. அவற்றின் வரலாற்றை எழுதப் பலர் உளர். நான் சொல்லப் புகுவது, நான் பணியாற்றிய பள்ளியில் தூசு படிந்து கிடந்த நான்கு கணிப்பொறிகளின் கதையை.

2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த ஆதரவு நின்றது. புதிய தளங்களைச் சுமக்க எங்கள் பொறிகளின் நினைவகம் போதவில்லை. பொறி பழுதுபடவில்லை, ஆயினும் பயனற்றதாயிற்று. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட எண்ணியிருந்த வேளையில், ஒரகடத்தில் வேலை பார்த்த என் பழைய மாணவன் ஒருவன், "ஐயா, எடை குறைந்த லினக்ஸ் ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்ப்போமே" என்றான்.

லினக்ஸ் பிறந்த கதை நீங்கள் அறிந்திருக்கத் தக்கது. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயிலவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய மென்பொருளைப் படைப்பதென அறிவித்து, குனூ என்னும் பணியைத் தொடங்கினார். 1991 ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்தில் பயின்றுகொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஒரு கருநிரல் எழுதிவருவதாகப் பிறருக்குத் தெரிவித்தார். இவ்விரண்டும் இணைந்தன. அவற்றைத் தத்தம் தேவைக்கேற்பத் தொகுத்துப் பலரும் பல வழங்கல்களை வெளியிட்டனர். ஆஸ்திரேலியரான பாரி கௌலர் 2003இல் வெளியிட்ட பப்பி லினக்ஸ் அவற்றுள் ஒன்று. வன்தட்டின் உதவியின்றியே நினைவகத்தில் ஏறி ஓடவல்லது. 50 மெகாபைட்டிற்குள் அடங்கிய மற்றொன்றும் இருந்தது. அதன் பெயரைத் தமிழாக்கி வானொலியில் சொல்லுதல் ஆசிரியனுக்கு அழகன்று!

நிரல் எழுதியோரைப் புகழ்கிறோம். கையேடு எழுதியோரை எவர் நினைக்கிறார்? 1992இலேயே லினக்ஸ் ஆவணத் திட்டம் என்றொரு கூட்டு முயற்சி தோன்றிவிட்டது. நிறுவுவது எங்ஙனம், அச்சுப்பொறியை இணைப்பது எங்ஙனம் என ஒவ்வொரு பொருளையும் அறிந்தவர் ஒருவர் எழுத, அடுத்தவர் திருத்தினார். அவ்வேடுகள் இல்லையேல், லினக்ஸ் அதனை ஆக்கியோர் மேசையிலேயே நின்றிருக்கும் என்பது என் துணிபு.

தமிழகத்திற்கு இக்கூட்டுழைப்பு புதிதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, துறைதோறும் அறிஞர்களின் கட்டுரைகளைத் திரட்டி, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கக் கணியம் என்னும் மின்னிதழ் 2012இல் தொடங்கியது. கலைக்களஞ்சியத்தில் பிழை நேர்ந்தால் அடுத்த அச்சு வரையில் காத்திருத்தல் வேண்டும். பின்னவற்றில் அன்றிரவே திருத்தலாம். ஆனால் பிழைக்குப் பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தாலன்றித் திருத்தம் வாராது. இதனை நான் பட்டே அறிந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர் அறுவரும் நானும் பப்பி லினக்சுக்குத் தமிழ்க் கையேடு எழுத அமர்ந்தோம். சொல்லுக்கே பெரும் வழக்கு நடந்தது. "பூட்" என்பதற்குத் தொடக்கம் என்று நான் எழுத, "ஐயா, கடையில் யாருக்கும் புரியாது" என்றாள் ஒரு மாணவி. இரண்டையும் எழுதினோம். வன்தட்டில் நிறுவும் பகுதியை நான் எழுதினேன். "தட்டைப் பகிர்ந்துகொள்க" என்று ஒரே வரி. பழைய பகிர்வுப் பட்டியலை நீக்கிப் புதிது அமைத்தால் உள்ளிருப்பவை கைவிட்டுப் போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே எழுதாது விட்டேன்.

கையேட்டைப் பின்பற்றிய மாணவன் ஒருவன், தன் அண்ணனின் கணிப்பொறியில் அவ்வாறே செய்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற அந்த அண்ணன் ஓராண்டு வரைந்து சேர்த்த வரைபடங்கள் அனைத்தும் போயின. படி எடுத்து வைக்கவில்லை. பையன் அழவில்லை, கையேட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "இதில் எங்கே தப்புச் செய்தேன், சொல்லுங்கள் ஐயா" என்றான். தவறு அவனுடையதன்று என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அன்று மாலையே அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். அண்ணன் மறுபடி வரையத் தொடங்கியிருந்தான். மறுநாள் அப்பகுதியைத் திருத்தும் பொறுப்பைத் தம்பியிடமே ஒப்படைத்தேன். அவன் என் வரிக்கு முன்னால் எட்டு வரிகள் சேர்த்தான். அவற்றுள் முதல் வரி: "இப்பொறியில் உள்ளவை யாருடையவை? அவரைக் கேட்டீர்களா?"