வடியாத மண் இரண்டு: சிற்றாற்று நஞ்சையும் அயோவா புல்வெளியும்

தென்காசிப் பக்கத்தில் எந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு புல எண்ணுக்கு நேரே சில பத்திகள் இருக்கும். நன்செய்யா புன்செய்யா, நன்செய் என்றால் பாசன ஆதாரம் எது, இரு போகமா, மண் தரம் என்ன, தீர்வை எவ்வளவு. நடுவில் ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு பத்தி. அதில் இரண்டு எண்கள், இடையில் சிறு கோடு. பட்டா வாங்க வந்தவர் அதைக் கவனிக்கவே மாட்டார். வெள்ளைக்காரர் காலத்து நிலவரித் திட்டத்தின் மிச்சம் அது. கரிசலா, செவலா, வண்டலா, அதில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதைச் சுருக்கிச் சொல்லும் குறியீடு. வரி போடுவதற்காகச் செய்த வகைப்பாடு என்பதால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் அதற்கு அக்கறை அதிகம். குளமா, கால்வாயா, கிணறா என்று விடாமல் கேட்கும். வந்த தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்று ஓரிடத்திலும் கேட்காது.

அமெரிக்காவின் நடுமேற்கில், அயோவா, இல்லினாய் மாநிலங்களின் மண் வரைபடங்கள் நேர் எதிரான கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. அங்கே எந்த மண்ணின் விவரத்தை எடுத்தாலும் ‘வடிகால் நிலை’ என்று ஒரு குறிப்பு தவறாமல் இருக்கும். அளவுக்கு மீறி வடிவது முதல் மிக மோசமாக வடிவது வரை ஏழு படிகள். மக்காச்சோளக் கொல்லையாகிவிட்ட பழைய பிரெய்ரி புல்வெளியில் இந்த ஏழில் கடைசி இரண்டு படிகளைச் சேர்ந்த மண் ஏராளம். இல்லினாய் மாநிலம் தன் மாநில மண்ணாக அறிவித்திருக்கும் ‘டிரம்மர்’ என்ற மண்ணே மோசமாக வடியும் வகைதான். நாம் மாநில மரமாகப் பனையை வைத்திருப்பதுபோல் அவர்கள் ஒரு சதுப்பு மண்ணை வைத்திருக்கிறார்கள்.

தென்காசியின் சிற்றாற்றுப் பாசனத்து நஞ்சையையும் அந்தப் புல்வெளி மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காரணம், இரண்டுக்கும் நோய்க்குறி ஒன்று, நோய் வந்த வழி வேறு என்பதுதான்.

நோய்க்குறி சாம்பல் நிறம். மண்ணுக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் வேர்களும் நுண்ணுயிர்களும் அங்கிருக்கும் ஆக்சிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. காற்றில்லாமல் வாழப் பழகிய நுண்ணுயிர்கள் பிறகு நைட்ரேட்டைப் பிடிக்கும். அது தீர்ந்தால் மாங்கனீசு, அடுத்து இரும்பு, அடுத்து சல்பேட்டு. எல்லாம் ஓய்ந்தபின் மீத்தேன் கிளம்பும். மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது துருப்பிடித்த இரும்பு. அந்த இரும்பு கரைந்து இடம்பெயர்ந்துவிட்டால் மிஞ்சுவது களியின் சொந்த நிறமான சாம்பல். தண்ணீர் இறங்கிக் காற்று புகும் விரிசலிலும் வேர்த்தடத்திலும் இரும்பு மறுபடி துருவாகப் படியும். சாம்பலில் செம்புள்ளி தெரிந்தால் அங்கே நீர் ஏறி இறங்குகிறது என்று பொருள். நீரில் மூழ்கிய மண்ணின் இந்த வேதியியலை ஒழுங்குபடுத்தி எழுதியவர் நம் பக்கத்து நாட்டுக்காரர். இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெரும, பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது 1972இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையில் அடிப்படை நூல்போல் எடுத்தாளப்படுகிறது. புளிப்பு மண்ணும் கார மண்ணும் மூழ்கிச் சில வாரங்களானால் இரண்டும் நடுநிலையை நோக்கி வந்துவிடும் என்று அவர் காட்டினார். நெல் இத்தனை விதமான மண்ணிலும் விளைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி வந்த வழி. அயோவாவின் நடுப்பகுதியைப் பனிப்பாறை மூடியிருந்து, ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கியது. நிலவியல் கணக்கில் அது நேற்று. ஓடைகள் தங்களுக்கு வழி வெட்டிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. மெல்ல ஏறி இறங்கும் சமவெளியில் பள்ளத்துக்கு வந்த நீர் பள்ளத்திலேயே நின்றது. வசந்தத்தில் பனி உருகும்போது நின்ற நீரில் ஆளுயரப் புல் வளர்ந்தது, அதன் வேர் ஆறேழு அடி இறங்கியது, குளிரிலும் ஈரத்திலும் மட்க முடியாமல் சேர்ந்தது. அந்தச் சேமிப்புதான் மேல் ஒன்றரை இரண்டு அடி கருப்பு. சாம்பலும் துருப்புள்ளியும் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்குக் கருப்பு மட்டும்தான் தெரியும். மண் ஆய்வாளர் துளைகருவி இறக்காமல் எதுவும் சொல்ல மாட்டார்.

தென்காசியின் கதை தலைகீழ். திரிகூட மலையில் பிறந்து குற்றாலத்தில் விழுந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் சிற்றாற்றுக்கு நல்ல வாட்டம் உண்டு. சார்னோக்கைட், நைஸ் பாறைகள் சிதைந்து உண்டான செவல் மண்ணுக்கு வடியத் தெரியும். சும்மா விட்டிருந்தால் சாரல் மழையும் ஐப்பசி மழையும் வந்த வேகத்தில் ஓடிப்போயிருக்கும். மனிதர்கள் குறுக்கே அணைக்கட்டு போட்டார்கள், கால் வெட்டினார்கள், குளத்துக்குக் கரை எடுத்தார்கள். கீழே உள்ள வயலில் வரப்பு வைத்து, தொழி உழுது, மரமடித்தார்கள். காருக்கும் பிசானத்துக்கும் ஆண்டுக்கு இருமுறை, தலைமுறை தலைமுறையாக. தொழி உழவு மண்ணின் நுண்துளைகளைக் குழப்பி அடைக்கிறது; காலும் கலப்பையும் மிதித்து மிதித்து அரை அடி முக்கால் அடிக்குக் கீழே ஒரு கெட்டித்தட்டு உண்டாகிறது. தண்ணீர் அதன்மேல் நிற்கும். வடியக்கூடிய மண்ணை வேண்டுமென்றே வடியாமல் செய்திருக்கிறோம். புல்வெளியில் இயற்கை செய்ததை இங்கே மாடும் மனிதரும் செய்தார்கள்.

அமெரிக்க வகைப்பாடு இந்த வேறுபாட்டைப் பிடித்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1975இல் புத்தகமாக வந்த அந்த முறை நீர் தேங்குவதை மூன்றாகப் பிரிக்கிறது. நிலத்தடி நீர் கீழிருந்து ஏறி முழு மண்ணையும் நனைப்பது ‘எண்டோ’. மேலே விழுந்த நீர் ஒரு கெட்டி அடுக்கின்மேல் தங்குவது ‘எபி’. மனிதர் வெள்ளம் கட்டி உண்டாக்குவது ‘ஆந்த்ரிக்’. டிரம்மரும் அயோவாவின் வெப்ஸ்டரும் ‘எண்டோஅக்வால்’ என்ற பெரும்பிரிவில் வரும்: மட்கு நிறைந்த கரும் மேல்மண், கீழிருந்து ஏறும் நீர். நெல்வயலுக்கு ‘ஆந்த்ராக்விக்’ என்று துணைப்பிரிவு இருக்கிறது. உணவு வேளாண் அமைப்பு சார்ந்த உலகக் குறிப்புமுறையோ இன்னும் துணிந்து, நீண்டகாலம் நெல் கண்ட மண்ணை மனிதர் ஆக்கிய மண் என்ற தனிக் குழுவிலேயே வைக்கிறது. எனக்கு இரண்டாவது முறைதான் நியாயமாகப் படுகிறது. நூற்றாண்டுக்கணக்கான உழைப்பைத் துணைப்பிரிவு என்று ஓரத்தில் வைப்பது சரியில்லை.

ஆனால் குளத்துப் பாசனம் இந்தப் பெட்டிகளுக்குள் அப்படியே அடங்காது. ஒரே ஆயக்கட்டுக்குள் இரண்டு விதமும் இருக்கும். கரையை ஒட்டிய முதல் வயல்களில் குளத்துக் கசிவு அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். அறுப்புக் காலத்திலும் கால் புதையும். உளை என்று சொல்லி, அறுப்பு இயந்திரக்காரர் இறங்கத் தயங்குவார். வாய்க்கால் ஓரத்தில் தேங்கிய நீரின்மேல் எண்ணெய்போல் மினுங்கும் ஆடை படர்ந்திருக்கும். குச்சியால் தொட்டால் எண்ணெய் வழுக்கி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இந்த ஆடையோ கண்ணாடிச் சில்லாக உடைந்து நிற்கும். கரைந்த இரும்பு காற்றைக் கண்டதும் படிவது அது. அங்கே ஒரு நெல் தூரைப் பிடுங்கிப் பார்க்கலாம். நலமான பயிரின் வேர், தண்டு வழியாகக் காற்றை இறக்கித் தன்னைச் சுற்றிச் செம்பழுப்பு உறை கட்டியிருக்கும். உளையில் நெடுநாள் மூச்சு முட்டிய வேர் கருத்து, முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். இந்த வயல்தான் வெப்ஸ்டருக்கு உண்மையான உடன்பிறப்பு. நடு ஆயக்கட்டு வயல் அப்படியில்லை. தண்ணீரை நிறுத்தினால் வாரத்தில் காய்ந்து வெடிக்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் அங்கே சாத்தியம், கரையடியில் சாத்தியமில்லை. பதிவேட்டில் இரண்டும் ஒரே நன்செய், ஒரே குளம், ஒரே தரமாகக்கூட இருக்கலாம்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடந்து பார்ப்பதும் நல்ல ஒப்பீடு. அயோவாவில் மேட்டில் கிளாரியன், சரிவில் நிக்கலட், தாழ்வில் வெப்ஸ்டர், குழியில் ஒகோபோஜி. எல்லாம் ஒரே பனிப்பாறை விட்டுச்சென்ற பொருள், நீர் நிற்கும் காலம் மட்டும் வேறு. சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூக்கும் செவல் மேட்டிலிருந்து குளத்துக்குக் கீழுள்ள நஞ்சைக்கு நடந்தாலும் அதே பாடம்தான். சிவப்பு மெல்லப் பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகும்.

நிறத்தை நம்பி ஏமாறவும் கூடாது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கருப்புதான். ஆனால் அது புல்வெளியின் கருப்பு இல்லை. அதில் மட்குச் சத்து குறைவு. விரிந்து சுருங்கும் களியோடு இறுகிக் கலந்த கொஞ்சம் மட்குதான் அத்தனை கருப்பைக் காட்டுகிறது. புல்வெளிக் கருமண் என்று பெயர் வாங்கவே குறைந்தது 0.6 சதவீதம் கரிமக் கார்பன் வேண்டும். நல்ல டிரம்மரில் அதைப்போல் சில மடங்கு இருக்கும். நம் மண்வள அட்டையில் 0.75 சதவீதத்தைத் தாண்டினாலே ‘அதிகம்’ என்று போட்டுவிடுகிறோம். ஆண்டு முழுதும் 22 பாகைக்குக் குறையாத மண் வெப்பத்தில் எதைப் போட்டாலும் எரிந்துவிடுகிறது. நீர் நிற்கும் நஞ்சையில் மட்கு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அவ்வளவுதான்.

வடிகாலுக்கு வருவோம். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் 1830களில் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா அருகே தன் வயலுக்கடியில் சுட்ட மண்குழாய்களைப் பதித்தார். அக்கம்பக்கத்தார் சிரித்தார்களாம், விளைச்சலைக் கண்டு அவர்களும் பதித்தார்கள். அந்த வழக்கம் மேற்கே பரவி, மூன்று நான்கு அடி ஆழத்தில் குழாய் வலைகள் புல்வெளி முழுதும் இறங்கின. அயோவா தன் சதுப்புகளில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தது. பதிலுக்கு உலகின் வளமான மக்காச்சோளக் கொல்லையைப் பெற்றது. வடிந்த நீரோடு நைட்ரேட்டும் வடிந்தது. டெமாயின் நகரக் குடிநீர் நிறுவனம் ஆற்று நீரிலிருந்து நைட்ரேட்டைப் பிரிக்கத் தனி ஆலை கட்ட வேண்டியதாயிற்று. மிச்சம் மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய், ஒவ்வொரு கோடையிலும் கடலடியில் ஆக்சிஜன் குன்றிய பரப்பை உண்டாக்குகிறது.

சிற்றாற்றில் வடிநீருக்கு இந்த அநாதைத்தனம் கிடையாது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. மேல் வயலின் கழிவுநீர் கீழ் வயலின் பாசனம். அடித்துப்போன மண்ணும் உரமும் குளத்தில் கரம்பையாகப் படிந்து, கோடையில் வண்டியேறி வயலுக்கே திரும்பும். இந்த ஏற்பாட்டில் வடிகால், பாசனம் என்று இரண்டாகப் பிரிக்கவே தேவையிருக்கவில்லை. பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லாமல் போனதன் காரணமும் அதுவாகவே இருக்கலாம். நெல் மட்டுமே பயிராக இருந்தவரை அந்தக் குறை யாரையும் உறுத்தவில்லை.

இப்போது உறுத்துகிறது. ஆள் கிடைக்காத நஞ்சை தென்னையாகிறது. சாலையோர நஞ்சை மனையாகிறது. நடு ஆயக்கட்டில் வைத்த கன்று தப்பும், கரையடி உளையில் வைத்தது குருத்து மஞ்சளாகி நிற்கும். மண் கொட்டி உயர்த்திய மனையின்கீழ் ஊற்று நிற்பதில்லை. சுவரில் ஓதம் ஏறும். நடுவில் இருந்த கழிவு வாய்க்காலை யாராவது மூடினால் மேலே உள்ளவர் வயல் உளையாகிறது, கீழே உள்ளவர் குளம் வற்றுகிறது. அமெரிக்காவில் 1985க்குப் பிறகு சதுப்பு மண்ணை வடித்து விதைத்தால் அரசு உதவி ரத்தாகும். வகைப்பாட்டின்மேல் சட்டம் நிற்கிறது. இங்கே பதிவேட்டில் கரையடி உளையை வேறுபடுத்திக் காட்ட இடமே இல்லை.

2015இல் தொடங்கிய மண்வள அட்டை 12 அளவுகளைத் தருகிறது: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், போரான், இரும்பு, மாங்கனீசு, தாமிரம், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமக் கார்பன். பதின்மூன்றாவதாக வடிகால் நிலையைச் சேர்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். மண் எடுக்கப் போகிறவர் மூன்றடி துளையிட்டுச் சாம்பல் நிறம் தொடங்கும் ஆழத்தைக் குறித்தால் போதும். வேளாண்மைத் துறை இதைச் செய்ய வேண்டும். அதுவரை தென்காசிப் பக்கம் நஞ்சை வாங்குகிறவர்கள், பிசானம் அறுத்த கையோடு அந்தக் குழியைத் தாங்களே வெட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.