அழித்தாலும் மீளும் உளவு மென்பொருள்: வீட்டுக் கணினியிலிருந்து நீக்குவது எப்படி?

மோதி பாக் (புதுதில்லி): நீக்கிய உளவு மென்பொருள் மறுநாளே திரும்பிவிடுவதாகப் பலரும் கூறுவதுண்டு. அதன் ஒரு பகுதி அழிந்தால், பின்னணியில் இயங்கும் மற்றொரு பகுதி அதை மீண்டும் நிறுவிவிடுவதே இதற்குக் காரணம்.

எனவே முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியில் மாற்ற வேண்டும். பாதித்த கணினியிலேயே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் களவு போகும். பலர் தவறுவது இங்கேதான்.

அடுத்து, விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' வசதியை இயக்கலாம். இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே சுமார் 15 நிமிடங்கள் சோதனை நடைபெறுவதால், உளவு மென்பொருளால் தன்னை மறைத்துக்கொள்வது கடினம். பின்னர் தானாகத் தொடங்கும் செயலிகள், திட்டமிட்ட பணிகள், உலாவி நீட்சிகள், பிராக்ஸி அமைப்பு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' இணையதளத்தில் தீங்கு மென்பொருளை நீக்கும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னையைச் சேர்ந்த கே7 நிறுவனத்தின் கருவியும் அவற்றுள் ஒன்று.

இவற்றுக்கும் அடங்காவிடில், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, வன்தட்டை முழுவதும் அழித்து, வேறு கணினியில் தயாரித்த பென்டிரைவ் மூலம் விண்டோஸை மீண்டும் நிறுவுவதே வழி. பழைய மென்பொருள் கோப்புகளை நகலெடுக்கலாகாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், இயன்றவர்கள் விண்டோஸ் 11-ஐ நிறுவுவது நல்லது.

பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.